தராசுக்கும் சீட்டுக்கும் நடுவில்: ஷேர்டு லைப்ரரியாக ஒரு சோதனை ஏஜென்ட்

திண்டிவனம், மயிலம் வட்டாரத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். காய வைத்த மல்லாட்டை மூட்டை, மண்டிக்கோ, கமிட்டி என்று ஊரார் சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கோ வந்து சேர்ந்ததும் முதலில் தராசில் ஏறும். எலெக்ட்ரானிக் தராசில் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் இடமானால் பக்கத்து மேசையிலிருந்து சீட்டு வரும். விவசாயியின் கண் தராசின் மேலேயே இருக்கும். அவர் கைக்குக் காசு வருவது சீட்டில் உள்ள எண்ணுக்கு.

தராசு சரியானதுதானா என்று பார்க்க ஆள் உண்டு. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசைச் சோதித்து முத்திரை போட வேண்டும். தமிழ்நாட்டில் அந்த வேலை தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. அந்த முத்திரை தராசின் உடம்போடு நிற்கிறது. தராசிலிருந்து ஒரு கேபிள் போகிறது, கேபிளின் மறுமுனையில் ஒரு நிரல் எண்ணை வாங்குகிறது, அந்த நிரல் ஏழெட்டு லைப்ரரிகளைத் துணைக்கு அழைக்கிறது, பிறகு சீட்டு அச்சாகிறது. கேபிளுக்கும் சீட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைக் கட்டுவதும், ஓட்டுவதும், வேலை முடிந்ததும் தடம் தெரியாமல் எடுத்துவிடுவதும்தான் இந்த அத்தியாயம்.

பயிற்சிக்கு உண்மையான மண்டி நிரல் எதுவும் தேவையில்லை. சி மொழியில் நூறு வரிக்குள் ஒரு நிரல் எழுதி அதற்கு 'மூட்டை' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அது சீரியல் போர்ட்டிலிருந்து எடையைப் படிக்கும், விலையால் பெருக்கும், சீட்டை ஒரு கோப்பில் எழுதும். அவ்வளவே. தராசும் வேண்டாம், லினக்ஸில் 'சோகேட்' என்ற கருவி ஒன்றோடொன்று இணைந்த இரண்டு போலி டெர்மினல்களை உண்டாக்கித் தரும். ஒரு முனையில் எடையைத் தட்டினால் மறுமுனையில் மூட்டை நிரல் அதைத் தராசு சொன்னதாகவே எடுத்துக்கொள்ளும். ஏஜென்ட்டின் பெயர் 'சாட்சி'.

இனி, ஏஜென்ட்டை ஏன் ஷேர்டு லைப்ரரியாகக் கட்ட வேண்டும் என்ற கேள்வி.

தனி நிரலாக ஓடும் சோதனைக் கருவி, வீட்டு வாசலில் நின்று உள்ளே போகிறவரையும் வருகிறவரையும் எண்ணும். ஷேர்டு லைப்ரரி அந்த வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். ஒரே நினைவகம், ஒரே அனுமதிகள், ஒரே கோப்புக் கைப்பிடிகள். நிரல் ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது என்ன கொடுத்தது, என்ன திரும்ப வாங்கியது என்பதை அந்த நொடியிலேயே பார்க்க முடியும். மூல நிரல் கையில் இல்லாவிட்டாலும் இது நடக்கும். நிரலைத் திருத்த வேண்டியதும் இல்லை. லினக்ஸில் ஷேர்டு ஆப்ஜெக்ட், விண்டோஸில் டிஎல்எல், மேக்கில் டைலிப் என்று பெயர்தான் மாறும்.

இந்த வசதியைச் செய்து கொடுப்பவர் லோடர். ஒரு நிரலை ஓட்டச் சொன்னதும் லினக்ஸ் கர்னல் முதலில் லோடரைத்தான் எழுப்பும். லோடர் நிரலின் தலைப்பகுதியைப் பிரித்துப் பார்த்து, இதற்கு எந்தெந்த லைப்ரரி தேவை என்ற பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் தேடிக் கொண்டுவரும். தேடும் வரிசை முக்கியம். எல்டி_பிரீலோடு என்ற சூழல் மாறியில் ஏதாவது பெயர் இருந்தால் அது எல்லோருக்கும் முன்னால் உட்காரும். அடுத்து நிரலுக்குள்ளேயே பொறித்து வைத்த பாதைகளும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியும். பிறகு லோடரின் கேஷ் கோப்பு, கடைசியில் வழக்கமான லிப் அடைவுகள். ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்தால் வரிசையில் முதலில் வந்தவருடையதுதான் செல்லும். சாட்சி முதலில் உட்கார்ந்து 'ரீட்' என்ற பெயரில் ஒரு ஃபங்ஷனை வைத்திருந்தால், மூட்டை நிரல் ரீட் என்று கூப்பிடும்போது சாட்சிதான் 'என்ன?' என்று கேட்கும்.

இந்த இடத்தின் பலத்தை உலகம் 2010இல் பார்த்தது. அந்த ஆண்டு ஜூனில் பெலாரஸ் நாட்டு நிறுவனமான வைரஸ்பிளாக்அடா கண்டுபிடித்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், ஈரானின் நடான்ஸ் அணுச் செறிவூட்டு ஆலையைக் குறிவைத்தது. சீமென்ஸின் ஸ்டெப் 7 மென்பொருள், ஆலை இயந்திரங்களை ஓட்டும் பிஎல்சி கருவிகளோடு ஒரு டிஎல்எல் வழியாகப் பேசும். ஸ்டக்ஸ்நெட் அந்த டிஎல்எல்லின் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதன் பழைய பெயரில் தன்னுடையதை வைத்தது. அசல் லைப்ரரியில் 109 ஃபங்ஷன்கள். அவற்றில் 93ஐ அப்படியே அசலுக்கு அனுப்பிவிட்டது. 16ஐ மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது. பிஎல்சியில் என்ன எழுதப்படுகிறது, எஞ்சினியரின் திரையில் என்ன தெரிகிறது என்பதை அந்தப் பதினாறு பார்த்துக்கொண்டன. தொற்றிய நாடுகளின் கணக்கில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா மூன்றாவது இடத்தில் இருந்தது.

மல்லாட்டைத் தராசுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் இடமும் அதே இடம்தான். அங்கே உட்காரும் லைப்ரரி எடையைப் பார்க்கவும் முடியும், மாற்றவும் முடியும். நல்ல ஏஜென்ட் பார்ப்பதோடு நிற்க வேண்டும். சாட்சியின் ஒவ்வொரு ஃபங்ஷனும் வாங்கியதை வாங்கியபடியே அசலுக்குக் கொடுத்து, அசல் சொன்னதைச் சொன்னபடியே நிரலுக்குத் திருப்ப வேண்டும். இதை ஒரு நல்ல பழக்கம் என்று எடுத்துக்கொண்டால் போதாது. சோதனையின் முடிவை யாராவது கேள்வி கேட்டால், சோதகருக்கு இருக்கும் ஒரே பிடிமானம் அதுதான்.

அனுமதிக் காகிதம் வேலை தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, கணினியின் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது, தரவை எடுப்பது, வேலையைக் குலைப்பது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறது. அதையே நேர்மையில்லாமலோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'தெரிஞ்ச அண்ணன் மண்டிதான், ஒண்ணும் சொல்ல மாட்டார்' என்பது அனுமதி ஆகாது. எந்தக் கம்ப்யூட்டர், எந்த நிரல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, லாக் யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மென்பொருளை எழுதிக் கொடுத்தவருக்கும் தகவல் சொல்லி, அவருடைய உரிம விதிகள் இதை அனுமதிக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. வரத்து உச்சத்தில் இருக்கும் நாளில் மண்டியின் கம்ப்யூட்டரில் கை வைக்கவே கூடாது. நிரலின் நகலைத் தனி இயந்திரத்துக்குக் கொண்டுபோய் அங்கே சோதிக்க வேண்டும்.

தனி இயந்திரத்துக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் அது. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல ஆண்டுகளாகக் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுத்து வருகிறது. ஆகவே லினக்ஸ் தெரிந்த கையும் பழைய இயந்திரமும் இந்த மாவட்டத்தில் ஒரே தெருவில் கிடைக்கும். இந்தப் பழைய மடிக்கணினி பின்னால் ஒரு சிக்கலைக் கொண்டுவரும். அதை அந்த இடத்தில் பார்க்கலாம்.

கட்டுவதற்கு முன், மூட்டை நிரல் வெளியிலிருந்து எதையெல்லாம் எதிர்பார்க்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். பலரும் 'எல்டிடி' கட்டளையைத் தட்டிவிடுவார்கள். நம்பிக்கை இல்லாத நிரலின் மேல் எல்டிடியை ஓட்டக் கூடாது. சில சமயம் அது அந்த நிரலின் குறியீட்டையே ஓட வைத்துவிடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. 'ரீட்எல்ஃப்' கோப்பைப் படிப்பதோடு நிற்கும், ஓட்டாது. அதிலிருந்து தேவையான லைப்ரரிகளின் பெயர்கள் வரும். 'என்எம்' கட்டளையின் டைனமிக் பட்டியலில், வரையறுக்கப்படாத சிம்பல்கள் என்று யு எழுத்தோடு நிற்பவைதான் நிரல் வெளியே கேட்கும் ஃபங்ஷன்கள். அந்தப் பட்டியலைக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது வீண் வேலை போலத் தோன்றும். சற்று நேரத்தில் அதன் அருமை தெரியும்.

சாட்சியின் குறியீடு சிறியது. அசல் ஃபங்ஷனின் பெயரிலேயே சாட்சி அதற்கு முன்னால் வைக்கும் ஃபங்ஷனை உறை என்போம். உறைபோடும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அசலின் அதே பெயர், அதே அளவுருக்கள், அதே திருப்பும் வகை. அசலைக் கண்டுபிடிக்க 'டிஎல்சிம்' என்ற ஃபங்ஷனிடம் 'ஆர்டிஎல்டி_நெக்ஸ்ட்' என்று கேட்க வேண்டும். எனக்கு அடுத்து வரிசையில் இந்தப் பெயரில் இருப்பவர் யார் என்பது அதன் பொருள். ஏஜென்ட் தன் லாக் கோப்பைத் திறக்கும் வேலையைக் 'கன்ஸ்ட்ரக்டர்' என்று குறித்த ஒரு ஃபங்ஷனில் வைத்தால், நிரலின் மெயின் தொடங்கும் முன்பே லோடர் அதை ஓட்டிவிடும்.

கம்பைல் செய்ய ஜிசிசி போதும். மூன்று ஆப்ஷன்கள் மறக்கக் கூடாதவை. 'ஷேர்டு' என்பது இதைத் தனி நிரலாகக் கட்டாமல் லைப்ரரியாகக் கட்டச் சொல்வது. 'எஃப்பிக்' என்பது நினைவகத்தில் எந்த முகவரியில் இறக்கினாலும் ஓடும்படி குறியீட்டை உண்டாக்கச் சொல்வது. மூன்றாவது விசிபிலிட்டி: உறைபோடும் ஃபங்ஷன்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறைத்து வைக்கும்படி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஏஜென்ட்டுக்குள் 'எழுது', 'கூட்டு' என்று ஏதோ அவசரத்துக்கு வைத்த பெயர், நிரலிலோ வேறு லைப்ரரியிலோ உள்ள அதே பெயரோடு மோதி, சோதிக்க வந்தவரே நிரலைக் கெடுத்தவர் ஆகிவிடுவார். லினக்ஸின் சி லைப்ரரியான ஜி-லிப்சி பழையதாக உள்ள இயந்திரத்தில், டிஎல்சிம் இருக்கும் தனி லைப்ரரியை இணைக்க 'எல்டிஎல்' என்றும் சேர்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பிலிருந்து அந்த லைப்ரரி முதன்மை லைப்ரரிக்குள்ளேயே சேர்ந்துவிட்டது.

ஓட்டும்போது எல்டி_பிரீலோடை அந்த ஒரு கட்டளையின் முன்னால் மட்டும் எழுத வேண்டும். 'எக்ஸ்போர்ட்' செய்துவிட்டால் அந்த டெர்மினலில் தட்டும் ஒவ்வொரு கட்டளைக்குள்ளும், எல்எஸ், கேட் உட்பட, சாட்சி போய் உட்காரும். லாக் கோப்பு கண்மண் தெரியாமல் நிரம்பும். சேய் நிரல்களுக்கும் சூழல் மாறி வாரிசாகப் போகும் என்பதால், கன்ஸ்ட்ரக்டர் முதலில் தான் எந்த நிரலுக்குள் இருக்கிறது என்று பார்த்து, மூட்டை இல்லையென்றால் பேசாமல் ஒதுங்கிவிடுவது நல்லது.

முதல் ஓட்டத்தில் லாக் பாதி காலியாக இருக்கும். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் மனம் தளர்ந்துபோகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். மாணவர் 'ஓப்பன்', 'ரீட்', 'ரைட்' மூன்றுக்கும் உறை எழுதியிருக்கிறார். போலித் தராசில் 79.65 என்று தட்டுகிறார். ரீட் பற்றிய வரி லாக்கில் வந்துவிட்டது. சீட்டுக் கோப்பும் உண்டாகிவிட்டது. ஆனால் அந்தக் கோப்பைத் திறந்ததற்கோ அதில் எழுதியதற்கோ லாக்கில் ஒரு வரி இல்லை. ஏஜென்ட் வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி கம்பைல் செய்கிறார். அதேதான்.

காரணம் சி லைப்ரரியின் உள்கட்டமைப்பில் இருக்கிறது. மூட்டை நிரல் சீட்டைத் திறக்க எஃப்ஓப்பன் அழைத்தது. எஃப்ஓப்பன், ஜி-லிப்சியின் உள்ளே இருந்தபடி, தன் சொந்த வழியில் கர்னலிடம் போகிறது. வெளியில் தெரியும் ஓப்பனை அது தொடுவதே இல்லை. எழுதுவதும் அப்படித்தான். ஆகவே எஃப்ஓப்பனுக்குத் தனி உறை வேண்டும். எஃப்பிரிண்ட்எஃப்புக்கும் ஒன்று எழுதுகிறார். இன்னும் வரவில்லை! இப்போது அந்தக் காகிதப் பட்டியலை எடுக்க வேண்டும். அதில் எஃப்பிரிண்ட்எஃப் என்ற பெயரே இருக்காது; அதன் இடத்தில் முன்னால் இரண்டு அடிக்கோடும் பின்னால் 'செக்' என்ற வாலும் கொண்ட ஒரு பெயர் நிற்கும். உபுண்டுவின் ஜிசிசி, ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்யும்போது ஃபார்ட்டிஃபை என்ற பாதுகாப்பைத் தானாகச் சேர்த்து, பல ஃபங்ஷன்களைச் சரிபார்க்கும் வடிவத்துக்கு மாற்றிவிடும். வேறு சில நேரம் எளிய பிரிண்ட்எஃப் வரியைக் கம்பைலரே புட்ஸாக மாற்றிவிடும். மூல நிரலில் எழுதிய பெயரை நம்பி உறை எழுதினால் இந்தக் கதிதான். பைனரியின் பட்டியலில் உள்ள பெயருக்குத்தான் உறை எழுத வேண்டும்.

சரியான பெயருக்கு உறை போட்டதும் அடுத்த விபத்து காத்திருக்கிறது: நிரல் ஒரு நொடி திணறிவிட்டு நினைவகப் பிழையோடு விழும். ஏஜென்ட், தான் உறைபோட்ட அதே ஃபங்ஷனை லாக் எழுதப் பயன்படுத்தியிருக்கும். எழுதினால் உறை, உறை லாக் எழுதும், அதற்கும் உறை என்று கண்ணாடிக்குள் கண்ணாடியாக அடுக்கு ஏறி ஸ்டாக் தீர்ந்துவிடும். ஏஜென்ட் தன் லாக்கை எப்போதும் அசல் ஃபங்ஷன் வழியாகவே எழுத வேண்டும். கூடவே, 'நான் இப்போது உள்ளே இருக்கிறேன்' என்று ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக ஒரு குறி வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு நுணுக்கம், எர்நோ. அசல் ஃபங்ஷன் தோற்றுப்போய் எர்நோவில் காரணத்தை வைத்திருக்கும். ஏஜென்ட் நடுவில் லாக் எழுதினால் அந்த எண் அழிந்து, நிரல் தவறான காரணத்தைப் படிக்கும். அசலிடமிருந்து திரும்பியதும் எர்நோவை எடுத்து வைத்து, வெளியே போகும்போது திரும்ப வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இனி அந்த மடிக்கணினி. மேசைக் கணினியில் உபுண்டு 22.04இல் அருமையாக ஓடிய சாட்சியைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் பழைய மடிக்கணினியில் போட்டால், லோடர் 'ஜி-லிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 22.04இல் இருப்பது 2.35, அங்கே கட்டிய லைப்ரரி புதிய சிம்பல் பதிப்புகளைத் தன் மேல் எழுதிக்கொண்டு வந்துவிட்டது. புதியது பழையதில் ஓடாது, பழையது புதியதில் ஓடும். அதனால் சோதிக்க வேண்டிய இயந்திரங்களில் எது மிகப் பழையதோ, அதிலேயோ அதே பதிப்புள்ள கன்டெய்னரிலேயோ கம்பைல் செய்வதுதான் வழி. 'தவறான எல்ஃப் கிளாஸ்' என்று வந்தால் விஷயம் வேறு: 32 பிட் நிரலுக்குள் 64 பிட் லைப்ரரி புகப் பார்க்கிறது. ஜிசிசியில் 'எம்32' கொடுத்து இன்னொரு பிரதி கட்ட வேண்டும். லோடர் எங்கே தேடுகிறது, எதை எடுத்தது என்று பார்க்க 'எல்டி_டீபக்' மாறியில் 'லிப்ஸ்' என்று வைத்தால் வரி வரியாகச் சொல்லும். மணிக்கணக்கில் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட இந்த ஒரு வரி மேல்.

சாட்சியின் கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. ஸ்டாட்டிக்காகக் கட்டிய நிரலுக்கு லோடரே கிடையாது, எனவே பிரீலோடும் கிடையாது. கோ மொழி நிரல்கள் லினக்ஸில் பெரும்பாலும் சி லைப்ரரியைத் தாண்டி நேராகக் கர்னலை அழைக்கும். செட்யுஐடி அனுமதியோடு ஓடும் நிரல்களில் லோடர் வேண்டுமென்றே பிரீலோடைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே அது திறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் ரூட் ஆகிவிடலாம். ஆகவே சாட்சியோடு 'எஸ்டிரேஸ்' கருவியையும் ஒருமுறை ஓட்டி, கர்னலின் பக்கத்துக் கணக்கும் ஏஜென்ட்டின் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். கர்னல் பக்கம் ஒரு 'கனெக்ட்' தெரிந்து சாட்சியிடம் அது இல்லையென்றால், நிரல் வேறு வழியாக வெளியே பேசுகிறது என்று பொருள்.

ஏஜென்ட்டை சி மொழியில்தான் எழுத வேண்டும் என்று விதியில்லை. கோ மொழி 2015இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து 'சி-ஷேர்டு' என்ற கட்டுமுறையைத் தருகிறது. ஏற்றுமதி செய்யும் ஃபங்ஷன்களின் மேல் ஒரு குறிப்பு வரி, கோவையும் சியையும் இணைக்கும் சிகோ இயக்கத்தில் இருக்க வேண்டும், கட்டி முடித்தால் லைப்ரரியோடு ஒரு ஹெடர் கோப்பும் கிடைக்கும். அந்த லைப்ரரியோடு கோவின் முழு ரன்டைமும் விருந்தாளியின் மூட்டை முடிச்சாக உள்ளே வரும். ஒருமுறை ஏறிவிட்டால் நிரல் முடியும் வரை இறக்கவும் முடியாது. நூறு வரி சாட்சிக்கு இது அதிகம் என்பதே இந்த நூலின் கருத்து. ஃபங்ஷன்களை ஓடும்போதே மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிய வேலையாக இருந்தால் ஃப்ரிடா என்ற கருவி பொருத்தம். அதன் 'கேட்ஜெட்' ஒரு ஆயத்த ஷேர்டு லைப்ரரி. நிரலோடு ஏறியதும் வழக்கமாக அதே இயந்திரத்தின் 27042ஆம் போர்ட்டில் காத்திருக்கும். சோதகர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி அனுப்புவதை உள்ளே ஓட்டும். ரூட் செய்யாத ஆண்ட்ராய்டு போனில் தன் சொந்தச் செயலியைச் சோதிப்பவர்களுக்கு இதுவே கைகண்ட வழி.

விண்டோஸைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே எல்டி_பிரீலோடு இல்லை. நிரல் இருக்கும் அதே அடைவில்தான் லோடர் பெரும்பாலான டிஎல்எல்களை முதலில் தேடும். பில் மென்பொருள் நிறுவிய அடைவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அனுமதி விட்டிருந்தால், ஸ்டக்ஸ்நெட் செய்ததைப் போல ஒரு டிஎல்எல்லை மாற்றி வைக்க எவருக்கும் கதவு திறந்திருக்கிறது. சோதகர் முதலில் பார்க்க வேண்டியது அந்த அடைவின் அனுமதியைத்தான். மைக்ரோசாஃப்டின் புராசஸ் மானிட்டரில், நிரல் தேடிக் கிடைக்காத டிஎல்எல்கள் 'பெயர் கிடைக்கவில்லை' என்று வரிசையாக வரும். அந்தப் பட்டியலை அப்படியே அறிக்கையில் சேர்க்கலாம். டிஎல்எல் ஏஜென்ட் எழுதுகிறவர் டிஎல்எல்மெயினுக்குள் த்ரெட் தொடங்கிவிட்டு அதற்காகக் காத்திருக்கக் கூடாது. லோடரின் பூட்டு அப்போது கையில் இருப்பதால் நிரல் அங்கேயே உறைந்துவிடும்.

சாட்சியைக் கட்டத் தெரிந்தவருக்கு, அழையாமல் வந்து உட்கார்ந்திருக்கும் சாட்சியைக் கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும். லினக்ஸில் முதலில் பார்க்க வேண்டியது ஈடிசி அடைவில் உள்ள எல்டி.எஸ்ஓ.பிரீலோடு கோப்பு. சாதாரண இயந்திரத்தில் அது இருக்காது, அல்லது காலியாக இருக்கும். அதில் ஒரு வரி இருந்தால் அது, ஸ்டாட்டிக்காகக் கட்டியவை தவிர, இயந்திரத்தின் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் போகிறது. 2022 ஜூனில் பிளாக்பெர்ரி, இன்டசர் ஆய்வாளர்கள் வெளியிட்ட சிம்பியோட் என்ற தீநிரல் தனி நிரலாகவே இல்லை. எல்டி_பிரீலோடு வழியாக எல்லா நிரல்களிலும் ஏறும் ஒரு ஷேர்டு லைப்ரரி மட்டுமே. லத்தீன் அமெரிக்க நிதி நிறுவனங்களைக் குறிவைத்த அது, தன்னைத் தேடும் கருவிகளின் கண்ணையும் அதே வழியில் கட்டியது.

2024 மார்ச் 29 அன்று வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் நெருக்கமானது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்து விடாமல் துருவினார். சுருக்கக் கோப்புகளைக் கையாளும் லிப்எல்இசட்எம்ஏ லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது. எஸ்எஸ்எச் அந்த லைப்ரரியைக் கேட்கவே இல்லை. சில லினக்ஸ் வகைகளில் எஸ்எஸ்எச் சர்வர் சிஸ்டம்டி லைப்ரரியை அழைக்க, அது லிப்எல்இசட்எம்ஏவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தது. அரை நொடியைப் பொருட்படுத்திய ஒருவர் இருந்ததால், அது பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே பிடிபட்டது.

தமிழ்நாட்டிலும் பாடம் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் டிட்ராக் தீநிரல் புகுந்ததாக 2019இல் செய்தி வந்தபோது முதலில் மறுப்பு வந்தது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம், தன் கணினி அமைப்பில் தீநிரல் அடையாளம் காணப்பட்டது சரியே என்றும், செப்டம்பர் 4ஆம் தேதியே இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் தெரிவித்தது என்றும், அது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்த கணினி, ஆலையின் உள் வலையமைப்பிலிருந்து தனித்திருப்பது என்றும் அறிவித்தது. இரண்டு வலையமைப்புகளும் பிரிந்திருந்தது அந்த அறிவிப்பின் மையம். மண்டியிலும் தராசு இணைந்த கம்ப்யூட்டரில் சினிமா டவுன்லோடு செய்யாமல் இருப்பது இந்த வகைக் காரியம்தான். 2022 ஏப்ரல் 28இல் வந்த செர்ட்-இன் உத்தரவு, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. சோதனையின்போது உண்மையான ஊடுருவலின் தடம் கண்ணில் பட்டால், எதையும் அழிக்காமல், நிறுத்தி, உரிமையாளரிடம் அப்போதே சொல்ல வேண்டும்.

மூட்டை நிரலுக்குத் திரும்புவோம். எல்லா உறைகளும் சரியாக வேலை செய்யும்போது லாக்கில் ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு வரி வரும்: தராசிடமிருந்து படித்தது, சீட்டில் எழுதியது. போலித் தராசில் நாற்பது எடைகளைத் தட்டிப் பார்க்கலாம். 79.60 போனால் 79.6 வரும். 80.00 போனால் 80.0. 79.65 போனால் 79.6. 80.15 போனால் 80.1. இது பயிற்சி நிரலில் வேண்டுமென்றே வைத்த பிழை: எடையைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக்கி, மிச்சத்தை வெட்டிவிட்டுத் திரும்ப வகுக்கிறது. தராசு 50 கிராம் படியில் காட்டுவதால் பாதி மூட்டைகளில் 50 கிராம் காணாமல் போகிறது. சராசரி மூட்டைக்கு 25 கிராம். 200 மூட்டைக்கு 5 கிலோ மல்லாட்டை. இதில் ஊடுருவல்காரர் யாரும் இல்லை, திருடரும் இல்லை. யாரோ அவசரத்தில் எழுதிய ஒரு வரி. முத்திரை போட்ட தராசு முழு நேரமும் சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும், விவசாயியும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அறிக்கையில் இந்த இரண்டு வரிகளையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 'நிரலில் குறைபாடு இருக்கக்கூடும்' என்ற நீட்டல் வேண்டாம். தராசு சொன்னது 79.65, சீட்டு சொன்னது 79.6, நேரம் இது, நிரலின் ஹாஷ் இது. லாக்கில் விவசாயியின் பெயரோ செல் நம்பரோ இருந்தால் மறைத்துவிட வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது என்பது ஒரு காரணம், அவருடைய எடையைத்தான் சோதிக்க வந்தோம் என்பது இன்னொரு காரணம்.

கடைசியில் சாட்சியை எடுக்க வேண்டும். லைப்ரரிக் கோப்பை நீக்கி, எல்டி_பிரீலோடு எந்தத் தொடக்கக் கோப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்து, மூட்டை நிரலின் ஹாஷ் சோதனைக்கு முன் எடுத்ததோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட வேண்டும். ஓடும் நிரலின் நினைவக வரைபடத்தில், புராக் அடைவின் மேப்ஸ் கோப்பில், சாட்சியின் பெயர் வரக் கூடாது. பிறகு மிச்சத்தை வெட்டும் வரியைத் திருத்திய நிரலில் அதே நாற்பது எடைகளை அதே வரிசையில் மறுபடி ஓட்டி, பழைய சீட்டுகளையும் புதிய சீட்டுகளையும் அறிக்கையோடு சேர்த்துப் பின் அடித்து, கையெழுத்து வாங்கிய அனுமதிக் காகிதத்தின் நகலை மேலே வைத்து உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும்.